பழுது நீக்கலும் பாடம் காத்தலும்



இலக்கிய அவையில் கார்புரேட்டரைப் பற்றியும் முகப்பு விளக்கைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். சங்கச் சான்றோர்க்கு அத்தகைய ஐயம் இருந்ததில்லை. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் பொகுட்டெழினியைப் புகழ வந்த ஔவையார், உமணரின் உப்பு வண்டியை உவமையாக எடுத்தாள்கிறார். பாரம் மிகுந்த வண்டி, இளைய எருதுகள், வழியிலோ மேடும் பள்ளமும். எங்கே எது நேருமோ என்று கருதிய உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைச் சேமமாகக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அந்த மாற்று அச்சைப் போன்றவன் எழினி என்பது புலவரின் கருத்து. ஊர்தியின் பழுதும் அதனை நீக்கும் முன்னேற்பாடும் தமிழ்க் கவிதைக்குப் பொருளாகி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

அந்த மரபை நினைவில் இருத்தி, இன்றைய பேச்சின் பொருளை இரண்டு சிறு உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்று, பழைய ஊர்தியின் மூச்சாகிய கார்புரேட்டர். மற்றொன்று, அதன் கண்ணாகிய முகப்பு விளக்கு. இவ்விரண்டையும் செப்பம் செய்பவர் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்கிறார். ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட கேள்வியும் அதுவே.

திருவொற்றியூரில் பிழைத்த படி

எடுத்துக்காட்டாக ஓர் ஊர்தியைக் கொள்வது நலம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது ராயல் என்ஃபீல்டு புல்லட். இந்தியப் படையின் தேவையை ஒட்டி இங்கு வந்த இவ்வண்டியை உருவாக்க, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டு ஏற்பட்டது. முதலில் உறுப்புகள் இங்கிலாந்திலிருந்து வந்து சென்னையில் பொருத்தப்பட்டன. பின்னர் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வண்டி முழுமையாகவே உருவாகத் தொடங்கியது. 1970-களின் தொடக்கத்திற்குள் இங்கிலாந்தில் மூல நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. மூல ஏடு அழிந்துபோக, தொலைதூரத்து ஊரொன்றில் இருந்த படியைக் கொண்டு நூல் பிழைத்த கதைகளை நன்கறிந்த தமிழர்க்கு இவ்வரலாறு வியப்பளிக்காது.

1960-களில் உருவான அத்தகைய புல்லட் ஒன்று தந்தையிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது என்று கொள்வோம். இருபது ஆண்டுகளாகத் தாழ்வாரத்தில் சாக்குப் போர்வையின் கீழ்க் கிடந்த வண்டி. உதைத்தால் எழுவதில்லை, எழுந்தாலும் நிலைப்பதில்லை. இரவில் விளக்கை ஏற்றினால் அகல் விளக்கின் அளவே வெளிச்சம் வருகிறது. மகனுக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. புதிய கார்புரேட்டரையும் புதிய விளக்கையும் வாங்கிப் பொருத்தி ஒரே நாளில் ஓட்டிச் செல்லலாம். அல்லது உள்ளதைப் பிரித்து, பழுது எங்கே என்று தேடலாம். முதல் வழியில் வண்டி ஓடும். இரண்டாம் வழியில்தான் தந்தையின் வண்டி ஓடும்.

காற்றும் பெட்ரோலும் கூடும் இடம்

கார்புரேட்டர் செய்யும் வேலையைச் சொல்லிவிடுவது எளிது. குழாயின் குறுகலான பகுதி வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இதன் அடிப்படையை 1738-இல் வெளிவந்த தம் நூலில் பெர்னூலி விளக்கினார். குறுகிய குழாயில் இதனை ஆய்ந்த இத்தாலியர் வென்சூரியின் பெயரே இன்றும் அக்குறுகலுக்கு வழங்குகிறது. அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் ஒரு நுண்துளை இருந்தால், கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் அதன் வழியே மேலெழுந்து துளித்துளியாகச் சிதறிக் காற்றோடு கலக்கும். பெட்ரோலை இவ்வாறு தெளிக்கும் கார்புரேட்டரை 1893-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் உருவாக்கினர்.

கலவைக்கு ஓர் அளவு உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் புகை கருக்கும். மின்பொறிச் செருகியில் கரி படியும். காற்று மிகுந்தால் எஞ்சின் அளவு கடந்து சூடேறும். பிஸ்டன் இறுகிக்கொள்ளவும் கூடும். கணிப்பொறி ஏதுமின்றி, ஒரு மிதவை, ஓர் ஊசி, சில துளைகள் ஆகியவற்றைக் கொண்டே இந்த அளவைக் காத்தது பழைய கார்புரேட்டர்.

அக்காலப் புல்லட்டுகளில் இருந்தது அமால் மோனோபிளாக் வகை. பிற்காலத்தில் மிக்கார்ப் வந்தது. அமால் என்னும் பெயர் 1927-இல் மூன்று நிறுவனங்கள் ஒன்றானதைக் குறிப்பது. பெட்ரோல் கிண்ணமும் உடற்பகுதியும் ஒரே வார்ப்பாக அமைந்தமையால் 1955-இல் வந்த வகைக்கு மோனோபிளாக் என்று பெயரிட்டனர். இதன் ஆட்சி நான்கு நிலைகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடியை அரைக்கால் பங்குவரை திருப்பும்போது மெதுவோட்டத் துளையும், அங்கிருந்து கால் பங்குவரை சறுக்கு உருளையின் அடிவெட்டும், முக்கால் பங்குவரை ஊசியும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் கலவையை வகுக்கின்றன. எந்த நிலையில் வண்டி தடுமாறுகிறது என்பதைக் கேட்டே, எந்த உறுப்பில் குற்றம் என்று தேர்ந்த மெக்கானிக் சொல்லிவிடுவார். வெண்பாவைக் கேட்ட அளவில் எங்கே தளை தட்டுகிறது என்று சொல்லும் செவிக்கும் இச்செவிக்கும் பயிற்சி முறை ஒன்றே.

துளையின் எண்

இருபது ஆண்டுகள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுச் சென்றிருக்கும். அரை மில்லிமீட்டரும் தேறாத மெதுவோட்டத் துளை அடைபட்டுவிடும். இந்த நிலையில்தான் பழைய கார்புரேட்டருக்குப் பெருங்கேடு நேர்கிறது. அவசரக்காரர் ஒருவர் கையில் கிடைத்த எஃகுக் கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்துகிறார். அடைப்பு நீங்குகிறது, வண்டியும் ஓடுகிறது. ஆனால் பித்தளையால் ஆன ஜெட்டின் துளை அன்றே அகன்றுவிடுகிறது.

இதில் உள்ள கணக்கு கருதத்தக்கது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை 1.1 மில்லிமீட்டராக அகன்றால், விட்டம் கூடியது 10 விழுக்காடுதான். பரப்பு கூடியதோ 21 விழுக்காடு. ஏறத்தாழ அந்த அளவுக்குப் பெட்ரோல் மிகுதியாகப் பாயும். ஜெட்டின் மேல் பொறித்த எண் பழைய அளவையே சொல்லிக்கொண்டிருக்கும். அமால் ஜெட்டின் எண் ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் நீர்மம் பாயும் என்பதைக் குறிப்பது. ஃபியட், அம்பாசடர் போன்ற கார்களில் இருந்த சோலெக்ஸ் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் குறிப்பது. எண் சரியாக இருக்கிறது, துளை பொய்யாக இருக்கிறது என்னும் நிலையில், பின்னால் வருபவர் எந்தக் குறையை எங்கே தேடுவார்? ஏடு எழுதியவர் தமக்கு விளங்காத சொல்லைத் தாமே திருத்தி எழுதிவிட்டு, திருத்தியதைச் சொல்லாமல் போனால் நேரும் குழப்பமும் இத்தகையதே.

முறையாகச் செய்பவர் என்ன செய்வார்? முதலில் கார்புரேட்டர் இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்வார். ஊசியின் கவ்வி எந்தப் பள்ளத்தில் இருந்தது, காற்றுத் திருகு எத்தனை சுற்றுத் திறந்திருந்தது, ஜெட்டின் எண் யாது என எழுதிக்கொள்வார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து, கரைப்பானில் ஊறவைப்பார். நுண்துளைகளை அழுத்தக் காற்றால் ஊதுவார்; தேவையானால் கேளா ஒலித் தொட்டியில் இட்டுத் தூய்மை செய்வார். துளைக்குள் உலோகக் கம்பியை விடமாட்டார்.

அடுத்தது மிதவை. பித்தளை மிதவையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளே பெட்ரோல் புகும். அதனைச் சுடுநீரில் அமிழ்த்தினால் விரிசல் உள்ள இடத்தில் குமிழ் கிளம்பும். உள்ளிருக்கும் பெட்ரோலை முழுவதும் வெளியேற்றிய பின்னரே ஈயப்பற்று வைக்கவேண்டும், இல்லையேல் தீப்பிடிக்கும். அந்தப் பற்றும் சிறிதாக இருக்கவேண்டும். ஒரு துளி ஈயம் கூடினால் மிதவை கனத்துத் தாழ்ந்து மிதக்கும்; ஊசி அடைக்கக் காலம் தாழும்; கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் உயரும்; கலவை தடிக்கும். ஒட்டுப்போட்டவர் நல்லதையே எண்ணினார். எனினும் ஒட்டின் எடை எஞ்சினின் மூச்சை மாற்றிவிட்டது. ஒரு சீரைச் சரிசெய்யப் போய் அடியையே கனக்கச் செய்த அனுபவம் அவையில் உள்ள கவிஞர்களுக்கும் இருக்கும்.

தேய்மானம் மூன்றாவது. கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலப்புலோக வார்ப்பு. அதனுள் ஏறி இறங்கும் சறுக்கு உருளையும் பல வண்டிகளில் அதே உலோகம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் உரசியபின் இடையே விடும் இடைவெளியில் கணக்கில் வாராத காற்று நுழைகிறது. எத்தனை முறை திருகைத் திருப்பினாலும் மெதுவோட்டம் நிலைப்பதில்லை. இதற்குத் தீர்வு, துளையைச் சீராகக் கடைந்து புதிய உருளையையோ பித்தளை உறையையோ பொருத்துவது. மேலும், எஞ்சினோடு இணையும் விளிம்பின் திருகாணிகளைப் பலர் அளவுக்கு மீறி முறுக்கியிருப்பர். அதனால் விளிம்பு வில்லாக வளைந்திருக்கும். தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் விளிம்பை மெல்லத் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்வர். ஒரு மணி நேர வேலை. கூலியாகக் கேட்கக் கூச்சப்படும் அளவுக்குச் சிறிதாகத் தோன்றுவது. வண்டி நிலைத்து ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

விளக்கு மங்கிய காரணம்

இனி விளக்கு. தொடக்க கால ஊர்திகளில் கார்பைட் விளக்குகள் எரிந்தன. கால்சியம் கார்பைடின் மேல் நீர் சொட்டி, அதனால் எழும் அசிட்டிலின் வளி எரிந்து வெளிச்சம் தந்தது. 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சாரத் தொடக்கியும் மின்விளக்கும் ஒருங்கே அமைந்தபின் மின்விளக்கு பரவலாயிற்று. நம் புல்லட்டின் காலத்தில் இரு சக்கர வண்டிகளில் 6 வோல்ட் அமைப்பே பெருவழக்கு. முகப்பு விளக்கின் குமிழ் 30 வாட் அளவினது; அதன் இருபுறமும் இரண்டு சிறு கண் விளக்குகள் அமைந்திருக்கும்.

விளக்கு மங்கலாக எரிகிறது என்றதும் குமிழை மாற்றுவதே பலரும் செய்வது. மேலும் மங்கினால் கூடுதல் வாட் குமிழைப் போடுவர். இதனால் மின்கம்பி சூடேறும், பழைய சுவிட்சு கருகும், மின்கலம் வற்றும், வெளிச்சமோ கூடாது. குற்றம் குமிழில் இல்லாதபோது குமிழை மாற்றிப் பயனில்லை.

6 வோல்ட்டில் 30 வாட் என்றால் 5 ஆம்பியர் மின்னோட்டம். மின்கலத்திலிருந்து விளக்குவரை சென்று திரும்பும் வழியில் துருப்பிடித்த இணைப்பு, தளர்ந்த முனை, பச்சை பூத்த செப்புக் கம்பி என்று பல தடைகள் இருக்கும். அனைத்தும் சேர்ந்து 0.2 ஓம் தடை என்று கொண்டால், வழியிலேயே ஒரு வோல்ட் தொலைகிறது. விளக்கை அடைவது 5 வோல்ட். ஆறில் ஒன்றுதானே போயிற்று என்று தோன்றும். ஆனால் இழை விளக்கின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதனினும் பன்மடங்கு விரைவாகக் குறைகிறது. 6 வோல்ட் 5 வோல்ட் ஆனால் வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். துருவில் தொலைந்த ஒரு வோல்ட், இரவுப் பாதையில் பாதி வெளிச்சத்தைக் கொண்டுபோய்விடுகிறது.

ஆகவே அறிந்த கைவினைஞர் குமிழைத் தொடுமுன் வோல்ட்மானியை எடுக்கிறார். விளக்கு எரியும்போது மின்கலத்தின் முனைகளில் ஓர் அளவு, குமிழின் முனைகளில் ஓர் அளவு எடுக்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வழியில் தொலைந்தது. பிறகு மின்கல முனைகளைத் துலக்குகிறார். வண்டியின் உலோகச் சட்டமே திரும்பும் வழியாக இருப்பதால், வண்ணப்பூச்சும் துருவும் படிந்த இணைப்பை நம்பாமல் விளக்கிலிருந்து மின்கலத்திற்குத் தனியே ஒரு திரும்பு கம்பி இழுக்கிறார். கைப்பிடியில் உள்ள சுவிட்சின் தொடுமுனைகளைச் சுரண்டித் துடைக்கிறார். மெலிந்த கம்பிக்கு மாற்றாகத் தடித்த கம்பியை, பழைய நிறக் குறியோடு, பழைய பாதையிலேயே கொண்டுசெல்கிறார். கார்களில் மறைவான இடத்தில் ஒரு ரிலேயை வைத்து, பழைய சுவிட்சுக்குச் சிறு மின்னோட்டத்தை மட்டும் விட்டு, விளக்குக்கு நேர்வழி அமைக்கிறார். இவ்வளவும் செய்தபின் அதே பழைய 30 வாட் குமிழ் புதிதாக எரிகிறது. புதிய ஒளி எதுவும் வந்துவிடவில்லை. தனக்குரிய ஒளி தன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்து நோக்கவேண்டியது பிரதிபலிப்பான். கிண்ண வடிவிலான அதன் பளபளப்பு மங்கினால் எவ்வளவு மின்சாரம் வந்தும் ஒளி முன்னே செல்லாது. அலுமினியப் படலம் பூசிய பிரதிபலிப்பானைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே படலம் உரிந்துவிடும். அதனை வெற்றிட முறையில் மீண்டும் படலமிடுவோரிடம் ஒப்படைப்பதே தக்கது. இழை இருக்கவேண்டிய இடம் அந்தப் பரவளையத்தின் குவியம். அங்கிருந்து புறப்படும் ஒளிதான் இணைகதிராக நெடுந்தொலைவு செல்லும். குவியத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளி சிதறிவிடும்.

எல்.இ.டி. குமிழைப் பழைய விளக்கில் செருகும்போது நேரும் சிக்கல் இதுவே. மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் ஒளி பிறக்கும் பரப்பு, பழைய இழை இருந்த இடத்திலும் வடிவிலும் அமையாவிட்டால், பாதையில் விழவேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஓட்டுபவருக்கு வெளிச்சம் மிகுந்ததாகத் தோன்றும். எதிரில் சைக்கிளில் வருபவருக்கு ஒரு கணம் பாதையே மறைந்துவிடும். நம் ஊர்களில் முகப்பு விளக்கின் நடுவே கருவட்டம் ஒட்டிச் சென்ற ஊர்திகளை மூத்தோர் நினைவுகூர்வர். தன் வழி தெரியவேண்டும், பிறர் கண் கூசக்கூடாது என்னும் இரண்டையும் காக்க முயன்ற எளிய ஏற்பாடு அது. ஒளியை மிகுவிப்பவர் அந்த இரண்டாம் கடமையை மறந்துவிடலாகாது.

6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றுவதும் ஒரு வழி. அதே 30 வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகி 2.5 ஆம்பியர் ஆகிறது. அதே 0.2 ஓம் தடையில் தொலைவது அரை வோல்ட் மட்டுமே. வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு அளவே குறையும். இம்மாற்றம் வேண்டுவோர் செய்துகொள்ளலாம். ஆனால் கழற்றிய 6 வோல்ட் உறுப்புகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதிக் கட்டி வைக்கவேண்டும். உடற்கூட்டில் புதிய துளை எதுவும் போடக்கூடாது. கம்பியை மாற்றினால் மீண்டும் பழையபடி மாற்றலாம். இரும்பில் இட்ட துளையை எவரும் திரும்பப் பெற முடியாது.

மாற்றாமல் இருக்க முடியாத இடம்

இதுவரை சொல்லியவற்றால், மூலத்தை மாற்றாமல் காப்பதே அறம் என்னும் முடிவு எளிதாகக் கிடைக்கிறது. இன்றைய எரிபொருள் அந்த எளிய முடிவை நிற்க விடுவதில்லை.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் நீக்கிய பெட்ரோல் நாடெங்கும் வந்தது. பின்னர் எத்தனால் கலப்பு படிப்படியாக உயர்ந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாயிற்று. 2025-இல் அந்த அளவை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. வண்டி நெடுநாள் நின்றால் அந்த ஈரம் துத்தநாகக் கலப்பு உடலை அரிக்கும். பழைய இரப்பர்க் குழாய்களும் தக்கை அடைப்புகளும் ஊறிப் பருத்துச் சிதையும். இன்னொன்றும் உண்டு. எத்தனால் எரிய அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்றே போதும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த எரிபொருளுக்கு உரிய விகிதம் 14.7 இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆகக் குறைகிறது. 1960-களின் எண்ணுடைய ஜெட்டை அப்படியே வைத்தால், அன்றைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்த துளை இன்றைய பெட்ரோலுக்குச் சிறிதாகிவிடும். கலவை மெலியும், எஞ்சின் சூடேறும்.

மகன் இப்பொழுது என்ன செய்யவேண்டும்? மூலத்தின் எண்ணைப் போற்றி எஞ்சினைப் பாழாக்குவதா, எஞ்சினைக் காக்க எண்ணைக் கைவிடுவதா? இந்தக் கேள்விக்குத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் விட்டுச்சென்ற நடைமுறை விடையாகிறது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்புநோக்கிக் கொள்ளத்தக்க பாடத்தைக் கொண்டார். வேறுபட்ட பாடங்களையும் படிப்பவர் பார்வைக்கு வைத்தார். கொண்டதும் தெரியும், கொள்ளாததும் தெரியும். பின்வந்தவர் மாறுபட விரும்பினால் அதற்கும் வழி திறந்தே இருந்தது. ஏட்டை ஏடாகவே பூட்டி வைத்திருந்தால் நூல் செல்லுக்கு இரையாகியிருக்கும். சொல்லாமல் திருத்தியிருந்தால் நூல் வேறொன்றாகியிருக்கும்.

அம்முறையில், மகன் ஓரிரு எண் பெரிய ஜெட்டை வாங்கிப் பொருத்தலாம். பழைய ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்காமல், அதனைத் தாளில் மடித்து, எந்த நாளில், எந்த எரிபொருளுக்காக, எந்த எண் மாற்றப்பட்டது என்று எழுதி வைக்கவேண்டும். எத்தனாலைத் தாங்கும் குழாயையும் அடைப்பையும் போடவேண்டும். நெடுநாள் நிறுத்தும்போது கிண்ணத்தைக் காலியாக்கவேண்டும். இவை அனைத்தும் ஒரு பக்கக் குறிப்பாக வண்டியின் ஆவணங்களோடு இருக்கவேண்டும். பழம் ஊர்திக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், மாற்றிய உறுப்பை அடையாளம் காணும்படி குறிக்கவும் செய்த வேலையை ஆவணப்படுத்தவும் வேண்டுகிறது. தமிழ்ப் பதிப்புலகம் அடிக்குறிப்பில் கடைப்பிடித்து வந்த நெறியும் அதுவே.

சட்டமும் இப்பொழுது இதில் கருத்துச் செலுத்துகிறது. 2021 ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, பெரிய மாற்றங்களுக்கு உட்படாத இரு சக்கர, நான்கு சக்கர ஊர்திகள் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிவான ஊர்தியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்காக ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டலாகாது. நம் எடுத்துக்காட்டுப் புல்லட் இத்தகுதியை எட்டிவிட்டது. மூல வடிவம் என்பது இனி அன்பின் பொருட்டு மட்டுமின்றி, ஆவணத்தின் பொருட்டும் காக்கப்படவேண்டியதாகிறது.

கைகளும் குறைகின்றன

2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய இரு சக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. கார்களில் அது இருபது ஆண்டுகளுக்கு முன்னரே விடைபெற்றது. இன்று பட்டறைக்குப் பணி கற்க வரும் இளைஞர் கணிப்பொறியைச் செருகிப் பிழை எண்ணைப் படிக்கக் கற்கிறார். அது குறையன்று, காலத்தின் தேவை. ஆயினும் செருகியின் நிறத்தைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் கண்ணும், மெதுவோட்டத்தின் ஒலியைக் கேட்டுத் திருகைக் கால் சுற்றுத் திருப்பும் கையும் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வழியில்லை. புதுப்பேட்டைக் கடைகளில் தேடினால் பழைய உறுப்பு இன்னும் கிடைக்கலாம். அதை எங்கே, எவ்வளவு இறுக்குவது என்று அறிந்த விரல் கிடைப்பது அரிதாகி வருகிறது. அவ்வறிவு எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. தமிழறிந்த ஒருவர் அத்தகைய கைவினைஞரின் அருகே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல அவர் சொல்லிலேயே எழுதிவைத்தால் அதுவும் ஒரு பதிப்புப் பணியே. பத்தாண்டுகள் நிறைந்த இவ்வட்டத்தின் இளைய உறுப்பினருள் ஒருவரேனும் அதனை மேற்கொள்வது நன்று.

பழைய கவிதை இன்றைய இளைஞருக்கு ஒளி தரவில்லை என்னும் முறையீடு இலக்கிய அவைகளில் அடிக்கடி கேட்கிறது. அதற்குத் தீர்வாகக் கவிதையையே மாற்றி எழுதிவிடும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. மங்கிய விளக்கின் முன் நிற்கும் கைவினைஞர் முதலில் குமிழைக் கழற்றுவதில்லை என்பதை இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். மின்சாரம் வழியில் எங்கே தொலைகிறது என்றே அவர் தேடுகிறார். பொருள் விளங்காத சொல், வழக்கொழிந்த செய்தி, சந்தி பிரிக்காத அச்சு, உரைக்குள் புகமுடியாத உரை என்று கவிதைக்கும் படிப்பவருக்கும் இடையிலும் துரு ஏறுவதுண்டு. அதனைச் சுரண்டித் துடைப்பது வியப்புக்குரிய வேலையன்று. கைதட்டலும் அதற்குக் கிடைப்பதில்லை. இவ்வட்டம் பத்தாண்டுகளாகச் செய்துவருவது பெரும்பாலும் அந்த வேலைதான்.

தந்தையின் வண்டி ஒரு மாலையில் உயிர்பெறும். மூன்றாம் உதைப்பில் எழுந்து, நிதானமான ஒலியோடு நிற்கும். விளக்கை ஏற்றினால் எதிர்ச் சுவரில் வட்டமான மஞ்சள் ஒளி விழும். இன்றைய வண்டிகளின் வெண்ணொளிக்கு அது ஈடாகாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தந்தை பாதையைக் கண்டது அந்த வெளிச்சத்தில்தான் என்பது மகனுக்கு அப்போது தெரியும். இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில், தாளில் மடித்த பழைய ஜெட் ஒன்று, உமணர் வண்டியின் மாற்று அச்சைப்போல, பின்வரும் ஒருவருக்காகக் காத்திருக்கும்.